மை அக்கா பையைத் திறக்கணும்னா

மை அக்கா வீட்டுக்குள்ள வந்தா முதல்ல பிரிண்டரைப் பாக்க மாட்டாக. நம்ம மூஞ்சியைத்தான் பாப்பாக. வீட்டுல இருக்குற ஒரு மூஞ்சி விடாமப் பாத்துட்டு, தரையில சம்மணம் போட்டு உக்காந்து, கறுப்புப் பையைத் தூக்கி மடியில வச்சு, ஜிப்பு மேல கையையும் வச்சுக்கிட்டுக் கேப்பாக.

"கடைசியா யாரு தொட்டது? என்ன பண்ணுனீக?"

"ஒண்ணுமே பண்ணலக்கா. நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. திடீர்னு நின்னுருச்சு."

காரைக்குடியில எந்த வீட்டுல கேட்டாலும் இதே பதில்தான். நானே ஆறேழு தடவை சொல்லியிருக்கேன்.

அக்கா அதுக்கு மறுபேச்சுப் பேச மாட்டாக. செவுத்துல தொங்குற காலண்டரைப் படிக்க ஆரம்பிச்சுருவாக. நல்ல நேரம், ராகுகாலம், எமகண்டம், யாருக்குச் சந்திராஷ்டமம், எல்லாம் ஒரு எழுத்து விடாம. காப்பி குடுத்தா "வேலை முடியட்டும்"பாக. நாம பொறுமையா நின்னு பாப்போம், கையைப் பிசைவோம், ஃபேனைக் கூட்டி வைப்போம். ஜிப்பு மட்டும் திறக்காது. கடைசியில யாராவது ஒருத்தர், "இல்லக்கா, நேத்து பேப்பர் சிக்குச்சு, நான்தான் வெடுக்குன்னு பின்னால இழுத்தேன்"னு சொல்லணும். சொன்னதும் அக்கா "ம்" அப்படிம்பாக. அதுல கோவமும் இருக்காது, கிண்டலும் இருக்காது. அதுக்கப்புறந்தான் சர்ருன்னு ஜிப்பு திறக்கும்.

அவுக பேரு எனக்குத் தெரியாம இல்ல. ஆனா என் போன்லயே 'மை அக்கா'ன்னுதான் போட்டு வச்சிருக்கேன், இங்கயும் அப்படியே இருக்கட்டும். செக்காலைப் பக்கம் வீடு. பழைய ஸ்கூட்டி. எத்தனை சோப்புப் போட்டாலும் விரல் நுனியில போகாத நீலம். வீட்டுப் பிரிண்டர்ல மை வரலைன்னா, கோடு கோடா வந்தா, லைட்டு மினுக்கு மினுக்குன்னு அடிச்சா, ஊருல பாதிப்பேர் அவுகளுக்குத்தான் போன் போடுவோம்.

இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்னால அக்கா ரொம்ப வருசம் ஒரு ரத்தப் பரிசோதனை லேப்புல இருந்தாக. அதனால ஊசி அவுக கைக்குப் பழக்கம். தீந்துபோன கார்ட்ரிட்ஜை எடுத்து, மேல இருக்குற ஸ்டிக்கரை உரிச்சு, சின்ன ஓட்டைக்குள்ள ஊசியை இறக்கிச் சொட்டுச் சொட்டா மையை ஏத்துவாக. ஏத்தும்போது, "லேசாச் சுருக்குங்கும், அவ்வளவுதான்"னு அவுக வாய் தன்னால சொல்லும். யாருக்கு ஆறுதல் சொல்றாகன்னு திரும்பிப் பாத்தா, கார்ட்ரிட்ஜுக்கு! முடிச்சதும் பஞ்சால ஒத்தி எடுத்து, வெள்ளைப் பிளாஸ்திரியைப் பொட்டு அளவுக்கு வெட்டி ஒட்டுவாக. ரத்தம் எடுத்த கையில ஒட்டுற அதே பிளாஸ்திரிதான். ஒருநாள் அவசரத்துக்கு நான் டேப்பை எடுத்து நீட்டுனேன். "குத்துன இடத்துல யாராச்சும் இதை ஒட்டுவாகளா?"ன்னு கேட்டு, என் கையைத் தள்ளி விட்டுட்டாக.

இந்த விசாரணைப் பழக்கமும் அங்கிருந்து வந்ததுதான். வெறும் வயித்துல ரத்தம் குடுக்கணும்னு சொல்லித்தான் வரச் சொல்லுவாகளாம். சாப்பிட்டீகளான்னு கேட்டா, சத்தியமா இல்லைம்பாகளாம். ரிசல்ட்டுல சர்க்கரை எகிறிக் கிடக்கும். மறுபடி கூப்பிட்டுக் கேட்டா, "ஒரே ஒரு இட்லி"ம்பாகளாம்.

"அந்த ஒரு இட்லியை முன்னாடியே சொன்னா எனக்கு ஒரு குத்து மிச்சம், அவுகளுக்கும் ஒரு குத்து மிச்சம்"னு அக்கா சொல்லுவாக. "மெஷினும் அப்படித்தேன். நீங்க மறைச்சா நான் நல்லா இருக்குற பாகத்தையெல்லாம் கழட்டிக்கிட்டுக் கிடக்கணும்."

காலேஜு ரோட்டுல ரிட்டயர் ஆன கணக்கு வாத்தியார் ஒருத்தர். அவரு வீட்டுல அக்கா முக்கா மணி நேரம் காலண்டர் படிச்சாகளாம். வாத்தியார் அசையல. படிச்ச மனுசன், எங்கிட்டயேவான்னு விறைப்பா நின்னிருக்காரு. கடைசியில அடுப்படிக்குள்ள இருந்து அவரு சம்சாரம், "பேனா மையை ஊத்துனதைச் சொல்லித் தொலைங்களேன், குழம்பு ஆறுது!"ன்னு ஒரு சத்தம். வாத்தியார் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "ஒரு சொட்டுத்தான்"னாராம். "ஒரு இட்லி மாதிரியா சார்?"னு கேட்டுட்டு அக்கா ஜிப்பைத் திறந்தாகளாம்.

இதை எனக்கு அந்த வாத்தியார் சம்சாரம்தான் சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னாக. அக்கா சொல்லல. ஒரு வீட்டுக் கதையை அடுத்த வீட்டுல அக்கா சொல்லவே மாட்டாக. நான் எத்தனையோ தடவை நோண்டிப் பாத்திருக்கேன். "அது அவுக வீட்டு மெஷின்"னு முடிச்சுருவாக. எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்ல. கேட்ட விசயத்தை நாலு பேருகிட்டச் சொல்லலைன்னா எனக்குச் சோறு இறங்காது. இவுக எப்படித்தான் வயித்துல வச்சுக்கிட்டுத் தூங்குறாகளோ!

கானாடுகாத்தான்ல ஒரு பெரிய வீடு. மெட்ராஸ்ல இருக்குற ஒரு ஆச்சியோடது. வருசத்துல பத்து மாசம் பூட்டித்தான் கிடக்கும். விசேஷத்துக்கு வந்து திறப்பாக, பத்திரிகை, விருந்தாளுக லிஸ்ட்டுன்னு அடிக்கணும்னு பிரிண்டரைப் போடுவாக. ஒரு எழுத்து வராது. அக்கா போயி உக்காந்து வழக்கமான கேள்வியைக் கேட்டிருக்காக.

"நாங்க என்னத்தப் பண்ணுனோம்? வீடே பூட்டித்தானே கெடந்துச்சு"ன்னு ஆச்சி சொல்லியிருக்காக.

"அதைத்தான் ஆச்சி பண்ணியிருக்கீக"ன்னாகளாம் அக்கா. மெயினை அணைச்சுப் போட்டுட்டுப் போனா, கார்ட்ரிட்ஜு வாயில மை காஞ்சு அடைச்சுக்கும்னு விளக்கிச் சொல்லி, சுடுதண்ணியில நனைச்ச துணி மேல அதை வாய் கீழ பாக்க உக்கார வச்சு, அரை மணி நேரத்துல ஓட வச்சுட்டாக. ஆச்சிக்குப் பிடிச்சுப் போச்சு. அதுலேருந்து வாரம் ஒரு தடவை காவக்காரர் கதவைத் திறந்து விட, அக்கா உள்ள போயி, அந்த மெஷின்ல ஒரு கலர்ப் பக்கம் ஓட்டி, தேதி போட்டு மேசையில வச்சுட்டு வருவாக. இந்த வீட்டைப் பாத்து அங்குட்டு இன்னும் நாலஞ்சு பூட்டுன வீட்டுலயும் சொல்லி விட்டாக. அக்கா பொழப்பே அந்த வீடுகளாலதான் ஓடிச்சு.

எனக்கு முதல் பெரிய ஆர்டர் வந்ததும் அந்த ஆச்சி வீட்டுலேருந்துதான். வாங்கிக் குடுத்தது மை அக்கா. நான் வீட்டுல தேன்குழல், சீப்புச்சீடை, மாவுருண்டை போட்டு விக்கிறவ. அறுபதாம் கல்யாணத்துக்கு வர்றவகளுக்குக் குடுத்தனுப்ப முன்னூறு பெட்டி. ஒவ்வொரு பெட்டியிலயும் ஐயா ஆச்சி பேரு போட்டு லேபிள் ஒட்டணும். பேரு இல்லாத பெட்டி விருந்தாளி கைக்குப் போகக் கூடாதுன்னு ஆச்சி கண்டிசனாச் சொல்லிட்டாக. இதுல பேர் வாங்கிட்டா கானாடுகாத்தான் பூராவும் என் பலகாரந்தான். சொதப்பினா பழையபடி தெருவுல நாலு வீட்டுக்கு முறுக்குச் சுத்திக்கிட்டுக் கிடக்க வேண்டியதுதான்.

பெட்டி எடுக்கக் காரு வர்ற நாளு விஜயதசமி, சாயந்திரம் அஞ்சு மணி. முந்தின நாள் சரஸ்வதி பூஜை. பிரிண்டர்தானே நமக்கு ஆயுதம்னு, மெஷினைத் துடைச்சு, ரெண்டு கார்ட்ரிட்ஜையும் கழட்டித் துடைச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, சாமி முன்னால தாம்பாளத்துல அடுக்கிட்டேன். மறுநாள் காலையில நான் எண்ணெய்ச் சட்டி முன்னால நிக்கிறேன். கை ஒழியல. "ஏங்க, அந்த ரெண்டையும் எடுத்து மெஷின்ல மாட்டி விடுங்க, வேற எதையும் தொட்டுறாதீக"ன்னு எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொன்னேன். முன்னால ஒரு தடவை பேப்பரை இழுத்துக் கிழிச்சவரு அவரு, அதனால மெஷின் பக்கம் அண்ட விடுறதில்ல. அவரு மாட்டுனாரு. நான் போயி சுவிட்சைப் போட்டேன். லைட்டு மினுக்கு மினுக்குன்னு அடிக்குது. கார்ட்ரிட்ஜே இல்லைங்குது கம்ப்யூட்டரு!

பிடிச்சேன் பாருங்க ஒரு பிடி. "உங்க கை பட்டா விளங்குமா? மாட்டச் சொன்னா மாட்டத் தெரியாதா? என் பொழப்பையே கெடுத்துட்டீகளே!" காலையிலேருந்து மத்தியானம் வரைக்கும், சட்டியில ஒவ்வொரு ஈடு போடும்போதும் ஒரு ஈடு திட்டு. மனுசன் வாயைத் திறக்கல. வெளிய எங்கயும் அடிக்க வழியில்ல. ஜெராக்ஸ் கடையெல்லாம் பூட்டு.

ரெண்டு மணிக்கு மை அக்கா வந்தாக. மூஞ்சிகளைப் பாத்தாக. உக்காந்தாக. பை மடியில.

"இவருதான்க்கா!"ன்னேன் நான், கேள்வி கேக்குறதுக்கு முன்னாலயே.

"நான் மாட்டத்தான் செஞ்சேன்"னாரு அவரு, மெதுவா.

அக்கா காலண்டரைப் பாத்தாக. ரெண்டேகால். ரெண்டரை. "அக்கா, அஞ்சு மணிக்குக் காரு வந்துரும்க்கா!" அக்கா சந்திராஷ்டமத்துக்கு வந்துட்டாக. நான் அடுப்படிக்கும் ரூமுக்கும் நடையா நடக்குறேன். எனக்கே உள்ளுக்குள்ள ஒண்ணு குறுகுறுங்குது. ஆனா காலையிலேருந்து அந்த மனுசனை அந்தத் திட்டுத் திட்டிட்டு, இப்ப எப்படிச் சொல்றது? மூணு மணியும் ஆச்சு.

"சந்தனம் வச்சேன்க்கா"ன்னேன்.

"எங்க?"

"கார்ட்ரிட்ஜு பின்னால, செம்புக் கலர்ல பளபளன்னு வரிசையா இருக்குல்ல, அங்குட்டு. அதுதான் நெத்தி மாதிரி இருந்துச்சு."

எங்க வீட்டுக்காரர் வேற பக்கம் திரும்பிக்கிட்டாரு. தோளு ரெண்டும் குலுங்குது.

"ம்"ன்னாக அக்கா. சர்ருன்னு ஜிப்பு. "அந்தச் செம்பு வழியாத்தேன் மெஷினு கார்ட்ரிட்ஜை அடையாளம் பாக்கும். நீங்க பொட்டு வச்சுக் கண்ணை மறைச்சுட்டீக." கலரை முதல்ல எடுத்து, காய்ச்சி வடிச்ச தண்ணியில பஞ்சை நனைச்சுத் துடைச்சாக. அடுத்து கறுப்பைக் கையில எடுத்தாக. எடுத்தவுக அப்படியே நின்னுட்டாக. என்னைப் பாத்தாக. வாசப்படியில லேபிள் தாளோட நிக்கிற எங்க வீட்டுக்காரரைப் பாத்தாக. அப்புறம் கார்ட்ரிட்ஜு தலையிலேருந்து எதையோ சரக்குன்னு பிச்சாக.

எனக்குத்தான் மூக்கு சும்மா இருக்காதே. "என்னக்கா அது, காக்கிக் கலர்ல?"

"காத்து ஓட்டையை அடைச்சுக் கிடக்கு. காத்து உள்ள போனாத்தேன் மை கீழ இறங்கும். இப்படியே விட்டா நாலு தாளோட நின்னுரும்." அதை உருட்டிப் பைக்குள்ள போட்டுக்கிட்டே சொன்னாக, "போன வாரம் மை ஏத்துறப்ப நான்தேன் ஒட்டிட்டு எடுக்க மறந்துட்டேன். என் தப்பு."

ஆத்தாடி, எனக்கு வந்த சந்தோசம்! தப்பு என் ஒருத்தியோடது மட்டும் இல்ல. மை அக்காவே தப்புப் பண்ணியிருக்காக! "நீங்களுமாக்கா?"ன்னு கையைத் தட்டிச் சிரிச்சேன். அக்கா ரெண்டையும் மாட்டி ஓட விட்டாக. முன்னூறு லேபிளும் பளிச்சுன்னு வந்துச்சு. நாங்க மூணு பேரும் உக்காந்து ஒட்டி முடிக்கவும் காரு வரவும் சரியா இருந்துச்சு.

அத்தோட விட்டிருந்தா நான் நானா? பெட்டியோட கார்லயே ஏறிக் கானாடுகாத்தான் போனவ, ஆச்சிகிட்ட முதல் வேலையா இதைத்தான் சொன்னேன். சிரிப்புக்குத்தான் சொன்னேன், சத்தியமா வேற நினைப்பு இல்ல. "எல்லாரையும் கேள்வி கேக்குற மை அக்கா, தானே டேப்பை ஒட்டிட்டு மறந்துட்டாக ஆச்சி!" ஆச்சி சிரிக்கல. "அப்படியா?"ன்னு மட்டும் கேட்டாக. மறு வாரத்துலேருந்து ஒரு கலர்ப் பக்கம் ஓட்ட, ஆச்சி வேற ஆளை வரச் சொல்லிட்டாக. அவுகளைப் பாத்து மத்த வீட்டுக்காரங்களும் மாறிட்டாக. எங்க தெருவுல சின்னதுலேருந்து பெருசு வரைக்கும் அக்கா வந்தா, "இந்தத் தடவை நீங்க என்ன பண்ணுனீக?"ன்னு அவுகளையே கேக்க ஆரம்பிச்சாக. நான் சொல்லிக் குடுத்ததுதான். அக்கா சிரிச்சுக்குவாக. ரெண்டு வருசம் அப்படியே ஓட்டிட்டு, திருப்பூர்ல இருக்குற மகளோட இருக்கப் போறேன்னு கிளம்பிட்டாக. வயசாச்சு, போறாகன்னு நினைச்சேன்.

போன மாசம் பெட்டி ஒட்டிக்கிட்டு இருக்கேன். இப்ப என் பலகாரம் கானாடுகாத்தான் பூராவும் போகுது. பெட்டி ஒட்டுற டேப்பு ஒரு துண்டு என் விரல்ல சுத்திக்கிச்சு. காக்கிக் கலரு. உதறுறேன், விடல. உத்துப் பாத்தேன். குத்துன இடத்துல யாராச்சும் இதை ஒட்டுவாகளான்னு கேட்ட மனுசி எங்க, இந்த டேப்பு எங்க? ஊருல ஒரு கார்ட்ரிட்ஜுல கூட வெள்ளைப் பிளாஸ்திரியைத் தவிர வேற எதையும் ஒட்டாதவுக ஆச்சே!

எங்க வீட்டுக்காரர் அங்குட்டு உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தாரு. நான் போயி எதுக்கச் சம்மணம் போட்டு உக்காந்தேன். டேப்பு உருளையை மடியில வச்சேன்.

"அன்னைக்கு என்ன பண்ணுனீக?"

"என்னைக்கு?"

நான் காலண்டரைப் பாத்தேன். நல்ல நேரம் ஒன்பதே காலிலிருந்து. மனுசன் ராகுகாலம் வரைக்கும் கூடத் தாங்கல.

"தாம்பாளத்துல மை ஒழுகிக் கெடந்துச்சு. நீ பாத்தா பதறுவியேன்னு, மேல ஓட்டை இருக்கவும் நல்லா இறுக்கி ஒட்டி மாட்டுனேன்"னாரு. "அந்தக்கா பாத்தப்பச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதுக்குள்ள அவுக சொல்லிட்டாக."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாம்ல?"

"மறுநாளே தெருமுக்குல நிறுத்திச் சொன்னேன். 'ம்'ன்னாக. அவுக வரும்போது நீ திட்டுன திட்டு வாசல் வரைக்கும் கேட்டுச்சாம். 'அப்ப நான் உங்களைக் காட்டியிருந்தா லேபிள் வந்திருக்காது, சண்டைதேன் வந்திருக்கும். எங்கிட்டச் சொல்லிட்டீகல்ல, போதும்'னாக. நீ ஆச்சிகிட்டச் சொன்னதுக்கு அப்புறம், நான் போயி ஆச்சிகிட்ட உள்ளதைச் சொல்லிர்றேன்னேன். வேணாம்னுட்டாக. இப்பத்தான் உனக்கு ஆர்டர் வர ஆரம்பிச்சிருக்கு, பொய் சொன்ன பேரு உனக்கு வந்துரும்னாக."

அவரு சொல்லி முடிக்கவும் எனக்கு அழுகை வந்துருச்சு. வெக்கமாப் போச்சு. அந்த வீட்டு வாசலைக் காட்டி விட்டவுக அவுக. அந்த வாசலை அவுகளுக்கே அடைச்சவ நான். அதையும் சிரிச்சுக்கிட்டே செஞ்சிருக்கேன்.

முதல்ல ஆச்சிக்குப் போன் போட்டேன். ஆர்டர் போனாப் போகட்டும்னு மூச்சை இழுத்துக்கிட்டு முழுசும் சொன்னேன். ஆச்சி கடைசி வரைக்கும் கேட்டாக. அப்புறம், "அந்தப் புள்ள நம்பர் மாறிருச்சா, அதேதானா?"ன்னு மட்டும் கேட்டுட்டு வச்சுட்டாக. அடுத்து திருப்பூருக்கு.

"என்ன, மெஷின் நின்னுருச்சா?" குரல் அப்படியே இருக்கு.

"மெஷின் நல்லா இருக்குக்கா."

"அப்ப என்ன பண்ணுனீக?"

சொன்னேன். டேப்பு எங்க வீட்டு டேப்பு. ஒட்டுனது அவரு. ஊரெல்லாம் பரப்புனது நான். ஆச்சிகிட்டச் சொன்னதும் நான்தான். மன்னிச்சுருங்கக்கான்னு கேட்டேன்.

அக்கா மெதுவாக் கேட்டாக.

"வீட்டுக்காரரைத் திட்டுனீகளா?"

"சேச்சே, இல்லக்கா. ஒரு வார்த்தை கூடச் சொல்லல."

பதில் இல்ல. மூச்சு விடுற சத்தம் மட்டும் கேக்குது. திருப்பூர் வீட்டுலயும் ஒரு காலண்டர் இல்லாமலா இருக்கும்? நான் போனைக் காதுல வச்சபடி எங்க வீட்டுக் காலண்டரைப் பாத்தேன். எமகண்டம் வரைக்கும் படிச்சேன். அதுக்கு மேல முடியல.

"கொஞ்சம் திட்டுனேன்க்கா. எதுத்த வீட்டுக்குக் கேக்குற அளவுக்கு."

"ம்"ன்னாக அக்கா.